'ஊத்திராய்ஸ்' என்ற ஹங்கேரியச் சொல் எப்படி வந்தது?

வழிப்போக்கன்:
ஹங்கேரிய மொழி கற்றுக்கொண்டு வருகிறேன். பயண நூலை 'ஊத்திராய்ஸ்' என்கிறார்கள். 'ஊத்' என்றால் வழி, பயணம், அது சரி. ஆனால் 'ராய்ஸ்' என்றால் கோட்டோவியம் என்கிறது அகராதி. எழுத்துக்குள் ஓவியம் எங்கே வந்தது? நடுவில் ஒரு 'இ' வேறு!

கனிமொழி:
'இ' வெறும் விகுதிதான், 'அதற்குரிய' என்று பொருள். புடாபெஸ்ட் ஊர் என்றால் 'புடாபெஸ்டி' அந்த ஊரைச் சேர்ந்தது. 'ராய்ஸ்' கூட்டுச்சொல்லில் வரும்போது ஆங்கில 'ஜியோகிராஃபி', 'பயோகிராஃபி' போன்றவற்றில் கிரேக்க 'கிராஃபி' (எழுதுதல், வரைதல்) செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஃபெல்த்' நிலம், 'ஃபெல்த்ராய்ஸ்' புவியியல். 'ஏலெத்' வாழ்க்கை, 'ஏலெத்ராய்ஸ்' வாழ்க்கை வரலாறு. 'நேப்' மக்கள், 'நேப்ராய்ஸ்' இனவரைவியல். நாமும் அங்கே 'வரை' என்றுதானே போட்டிருக்கிறோம்!

தூரிகை:
இன்னொரு வேடிக்கை, 'ராய்ஸ்' என்ற பெயர்ச்சொல்லே பிற்பாடு உண்டாக்கியது. வரைவதைக் குறிக்கும் 'ராய்ஸோல்' என்ற வினைதான் முதலில் இருந்தது, அதுவும் ஜெர்மன் வழி வந்தது. அதன் வாலை நறுக்கிப் பெயர்ச்சொல் ஆக்கிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய மொழிச் சீர்திருத்தக் காலத்து வேலை இது, கஸின்ட்சி ஃபெரென்ட்ஸ் என்ற எழுத்தாளர் முன்னின்று நடத்தியது. அரசு அலுவலும் உயர்கல்வியும் லத்தீனிலும் ஜெர்மனிலும் ஓடிக்கொண்டிருந்த நாட்டில் (ஹங்கேரியம் ஆட்சிமொழி ஆனதே 1844இல்தான்) எல்லாவற்றுக்கும் சொந்தச் சொல் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தள்ளினார்கள். எல்லாம் நிலைக்கவில்லை, 'ராய்ஸ்' நிலைத்தது.

நாடோடி:
'ஊத்லெயீராஷ்' என்று ஒன்றும் உண்டு, பார்த்தீர்களா? அதில் 'இ' இல்லை. 'லெ' கீழே, 'ஈர்' எழுது, ஆக 'பயண விவரிப்பு'. ஜெர்மன் 'ரைஸெபெஷ்ரைபுங்' சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்தும். ஆனால் 'ஈர்' ஜெர்மன் இல்லை, பழைய துருக்கிய மொழியிலிருந்து வந்தது. அச்சு அங்கே, உலோகம் இங்கே.

சொல்தான் புதிது, பயணம் பற்றி எழுதுவது பழையது. செப்ஷி சோம்போர் மார்டோன் என்ற ஹங்கேரிய எழுத்தாளர் போலந்து, டென்மார்க், ஹாலந்து, இங்கிலாந்து, பிரான்ஸ் எல்லாம் சுற்றிவிட்டு 1620இலேயே ஹங்கேரியத்தில் பயண நூல் போட்டுவிட்டார், கஷ்ஷா நகரில் (இன்று ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே). அந்த மொழியில் அச்சேறிய முதல் பயண நூல் அதுதான், ஆனால் தலைப்பு என்னவோ லத்தீனில், 'யூரோபிகா வரியேட்டாஸ்'!

வழிப்போக்கன்:
அருமை. அப்போ ஊர் சுற்ற வழிகாட்டி நூல் வேண்டுமென்றால் கடையில் எதைக் கேட்பது?

கனிமொழி:
'ஊத்திகெனிவ்'. 'கெனிவ்' என்றால் புத்தகம். 'ஊத்திராய்ஸ்' கேட்டால் யாரோ போய்வந்த கதையைக் கையில் கொடுப்பார்கள், பேருந்து விவரம் அதில் இருக்காது.