அவர்களுக்கு 40, நமக்கு 400: தாய்லாந்தில் இரட்டைக் கட்டணம் சரியா?

பாங்காக்_வாசி:
இங்கே வேலைக்கு வந்து இது நாலாவது வருஷம். போன ஞாயிறு குடும்பத்தோடு ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 400 பாட், பிள்ளைகளுக்கு 200. நாலு பேருக்கு 1,200. பலகையில் வெளிநாட்டார் கட்டணம் மட்டும் நமக்குப் புரியும் எண்ணில் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளது தாய் எண்களில். ஸ்கூலில் தாய் மொழி படிக்கும் என் பையன் சத்தமாகவே வாசித்துவிட்டான்: "அப்பா, அவங்களுக்கு வெறும் 40!" மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். அப்புறம் எதற்கு எனக்கு மட்டும் பத்து மடங்கு?

ஊர்சுற்றி:
இதைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை? மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 600. பதினைந்து மடங்கு! அதற்காக என்றைக்காவது வருத்தப்பட்டிருக்கிறோமா? பாங்காக் அரண்மனைக்கு நான் 500 பாட் கொடுத்தேன். தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். உள்ளே இருப்பது அவர்கள் கும்பிடும் மரகத புத்தர். சாமி கும்பிட வருபவரிடம் காசு கேட்பதா?

பாங்காக்_வாசி:
அரண்மனையை விடுங்கள், உள்ளே கோயில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமல்லபுரத்தை இழுத்தீர்களே, தாய்லாந்துக்காரர் அங்கே வந்தால் எவ்வளவு தெரியுமா? அதே 40. சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்கக் கடல் வட்டார நாடுகள்) ஆகிய கூட்டமைப்புகளின் நாட்டினரிடம் நம் தொல்லியல் துறை இந்தியர் கட்டணம்தான் வாங்குகிறது. தாய்லாந்து பிம்ஸ்டெக்கில் இருக்கிறது. அந்த மரியாதை நமக்கு இங்கே இல்லை.

ஊர்சுற்றி:
அட, இது எனக்குப் புதுசு. சரி, அந்த பாயிண்ட் உங்களுக்கே. ஆனாலும் அது நாமாகக் கொடுத்த சலுகை. கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது மொய்க் கணக்குப் பார்ப்பது போல இருக்கிறது.

சீலோம்_சித்தப்பா:
மொய் என்றாலே திருப்பிச் செய்வதுதானே தம்பி! வாசி, இங்கே எடுத்த டிரைவிங் லைசென்ஸைக் காட்டிப் பார்த்தீர்களா? எனக்குச் சில இடங்களில் உள்ளூர்க் கட்டணமே வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் கவுன்டரில் இருப்பவர் மனசு.

பாங்காக்_வாசி:
காட்டினேன் சித்தப்பா. அந்த அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலகையைக் காட்டினார். அடுத்த தடவை பையனையே கவுன்டருக்கு அனுப்பப் போகிறேன்.

ஊர்சுற்றி:
அவன் அவர்கள் பாஷையிலேயே கேட்பான், சரி. பின்னால் நிற்கும் அப்பா முகத்தை எங்கே ஒளித்து வைப்பது?