பிஸ்ட்ரோவுக்கு நம்ம ஊரில் எந்தக் கடை?

குடந்தை வாசகன்:
ஒரு பிரெஞ்சு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், பாதிக் கதை பாரிஸில் ஒரு பிஸ்ட்ரோவுக்குள்ளேயே நடக்கிறது. கரும்பலகையில் அன்றைய சாப்பாடு, அடுப்படியில் கடைக்காரர் மனைவி, ஒரே கிளாஸ் வைனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். 'சிற்றுண்டிச்சாலை' என்று போட்டால் எனக்கே பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது. 'காபி கிளப்' என்று போட்டுவிடலாமா?

டபரா செட்:
வேண்டாம் சார். நம் ஹோட்டலில் உட்கார விடமாட்டார்களே! நேற்று ரவா தோசை வருவதற்குள் ஒருவர் மஞ்சள் பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார், நான் சட்னி தொடுகிற வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் எங்கே காதல், எங்கே துரோகம்? புதுமைப்பித்தன் கடவுளையே காபி ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார், சென்னையில்தான். காபி, சிக்கரி, பில், அவ்வளவுதான், மிச்சக் கதை வெளியே.

வேடிக்கை என்னவென்றால், பிஸ்ட்ரோ என்பதே 'சீக்கிரம்' என்கிற ருஷ்யச் சொல்தான், 1814இல் பாரிஸுக்குள் வந்த ருஷ்யச் சிப்பாய்கள் கத்தியது என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அச்சில் அந்தச் சொல் தட்டுப்படுவது 1884 வாக்கில்தான், எழுபது வருஷம் எங்கே ஒளிந்திருந்ததாம்?

காரைக்கால்காரன்:
எங்கள் ஊரும் டெல்டாதான், உங்கள் அரசலாறு இங்கே வந்துதான் கடலில் விழுகிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா தாத்தா ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். பிஸ்ட்ரோ என்றால் என்ன தாத்தா என்று சின்ன வயசில் கேட்டதற்கு, 'நம்ம சலூன் மாதிரிடா, முடி வெட்டிக்காமலே உட்காரலாம்' என்றார். யோசித்தால் சரிதான். பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொண்டு, ஊர் வம்பு முழுக்க அங்கேதானே?

வாய்க்கால் வரப்பு:
சலூன், ஹோட்டல் எல்லாம் இருக்கட்டும், யார் உள்ளே போகலாம் என்பதை யாருமே பேசவில்லையே. காபி கிளப் என்றால் 'பிராமணாள்' போர்டும் கூடவே வரும். 1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் போர்டில் இருந்து அந்த ஒரு சொல்லை எடுக்கவைக்கப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடை என்று போட்டாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரட்டை டம்ளர்தான் முதலில் கண்ணில் படும், என் அப்பா கொட்டாங்கச்சியில் குடித்தவர். 1877இல் எமிலி ஜோலா எழுதிய நாவலில் சாராயக் கடைக்குள் கூலித் தொழிலாளியும் வருகிறான், துணி வெளுக்கிற பெண்ணும் வருகிறாள். அதைக் காபி கிளப் ஆக்கினால் அந்த இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள்.

குடந்தை வாசகன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, பிஸ்ட்ரோ பிஸ்ட்ரோவாகவே இருக்கட்டும், கரும்பலகையைப் பார்த்தால் வாசகருக்குப் புரிந்துவிடும். இன்னொரு சந்தேகம். அந்த ஆள் நுழைந்ததும் கேட்காமலே கிளாஸை வைக்கிறார்கள். இப்படிப்பட்டவருக்கு 'வாடிக்கையாளர்' என்று எழுதினால் பேங்க் மாதிரி இருக்கிறது.

டபரா செட்:
உடனுக்குடன் காசு கொடுக்கிறாரா?

குடந்தை வாசகன்:
மாசக் கடைசியில். சில மாசம் அதுவும் இல்லை.

டபரா செட்:
அப்போ 'பற்று நோட்டில் பேர் இருக்கிற ஆள்' என்று எழுதுங்கள்.