இயேசு காலத்துக் கலிலேயா கிராமத்து வீடு: நாடகத்துக்கு விவரம் வேண்டும்

நாடகக்காரன்:
கிறிஸ்துமஸுக்குச் சபைப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறோம். கதை முதல் நூற்றாண்டுக் கலிலேயாவில் ஒரு சாதாரண யூதக் குடும்பம். காலையில் எழுந்ததும் அந்த வீட்டு அம்மா என்ன செய்வாள் என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. எங்கே சமைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள்?

பழங்கல்:
தனி வீடு என்ற நினைப்பை முதலில் விடுங்கள். கலிலேயா ஏரிக்கரை ஊரான கப்பர்நகூமில் தோண்டியெடுத்த வீடுகள் கரிய எரிமலைக்கல்லால் கட்டியவை, நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், கூரைக்கு ஏறக் கல் படி. அடுப்பும் அரட்டையும் முற்றத்தில்தான். தூக்கம் பாயில், குடும்பமே ஒரே அறையில். பைபிளில் லூக்கா 11-இல் நள்ளிரவில் ரொட்டி கேட்டு வந்த நண்பனிடம் 'பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்து வர முடியாது' என்று ஒருவன் சலித்துக்கொள்கிறானே, அது இந்த மாதிரி வீடுதான்.

மாவுக்கை:
அம்மா முதலில் போவது திரிகைக்கு. அன்றன்றைக்கு அரைத்தால்தான் ரொட்டி. மனைவி செய்யவேண்டிய வேலைகளைப் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வரிசையாகச் சொல்லும்போது அரைப்பதில்தான் ஆரம்பிக்கிறது, ரொட்டி சுடுவது, துணி துவைப்பதெல்லாம் அப்புறம். திரிகைக்கல்லை அடகு வாங்கக் கூடாது என்று உபாகமம் 24-இல் சட்டமே இருக்கிறது, அது உயிரையே அடகு வாங்குவது போலாம்! தொட்டுக்கொள்ள ஒலிவ எண்ணெய், பருப்புக் கூழ், காய்ந்த அத்தி, ஏரிப் பக்கம் என்றால் உப்பு மீன். ஏழை வீட்டில் வாற்கோதுமை ரொட்டி, இறைச்சி பெரும்பாலும் பண்டிகைக்குத்தான். தயவுசெய்து மேடையில் தக்காளி வைக்காதீர்கள், அந்தக் காலத்தில் அங்கே அது கிடையாது; போன வருஷம் எங்கள் சபையில் வைத்துவிட்டு நான் பட்ட பாடு போதும்.

நாடகக்காரன்:
சரி, தக்காளி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சி வைக்கலாமா?

பழங்கல்:
கட்டாயம். யூதருக்கு வெள்ளி மாலையிலேயே ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதில் தீ மூட்டக் கூடாது, அதனால் சூரியன் மறைவதற்குள் சமையல் முடியவேண்டும். இருட்டும் நேரத்தில் வீட்டுக்காரர் 'தசமபாகம் எடுத்தாயிற்றா?' (விளைச்சலில் கொடுக்கவேண்டிய பத்தில் ஒரு பங்கு) என்று கேட்டுவிட்டு, 'விளக்கை ஏற்றுங்கள்' என்று சொல்லவேண்டும் என்கிறது மிஷ்னா. அதையே வசனமாக வைத்துவிடுங்கள்.

நாடகக்காரன்:
அருமை. பாட்டியின் திரிகை பரணில் கிடக்கிறது, அதைத் தூக்கி வரலாமா?

மாவுக்கை:
தாராளமாக. மத்தேயு 24-இல் வருவது போல இரண்டு பெண் பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து அரைக்கச் சொல்லுங்கள், மைக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்.