பெயிண்ட் எடுத்தாலே வகுப்பு கலைந்துவிடுகிறது: ஓவிய ஆசிரியர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: தூரிகை

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஓவியம் எடுக்கிறேன். வகுப்புக்கு 36 பேர், வாரம் ஒரு பீரியட், 45 நிமிடம். அறையில் ஒரே ஒரு சிங்க். பென்சில், கிரேயான் என்றால் எந்தத் தொல்லையும் இல்லை. போஸ்டர் கலர் எடுக்கும் நாளில்தான் சிக்கல். பொருள் கொடுக்கும்போது எல்லோரும் அலமாரியை மொய்க்கிறார்கள். நடுவில் தண்ணீர் மாற்றுகிறேன் என்று சிங்க் பக்கம் தள்ளுமுள்ளு. கடைசி ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்யச் சொன்னால் பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் வந்து நிற்கிறது. குரலை உயர்த்தினால் ஒரு நிமிடம் அமைதி, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று பேர் பிரஷை உதறி அடுத்தவர் மேல் பெயிண்ட் தெறிக்க விடுகிறார்கள். சிலர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே நிற்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நான்காம் மேசை

மொய்ப்பது, தள்ளுமுள்ளு, தாமதம் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: 36 பேர் ஒரே நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள். பெயிண்ட் வகுப்பில் சேட்டை பெரும்பாலும் நடக்கிற வழியில்தான் தொடங்கும். அதனால் நடையைக் குறைப்பதுதான் முதல் வேலை.

மேசைக்கு நாலு பேர், மொத்தம் 9 மேசை. இருக்கைகளுக்கு 1 முதல் 4 வரை எண் ஒட்டுங்கள். 1 டிரே கொண்டுவருபவர், 2 தண்ணீர், 3 பிரஷ், 4 மேசை துடைப்பவர். “ஒன்றாம் எண் மட்டும் எழுந்திருங்கள்” என்றால் 9 பேர்தான் எழுவார்கள். வாரா வாரம் எண்ணைச் சுற்றி விடலாம்.

டிரேயை வகுப்புக்கு முன்பே நிரப்பி வையுங்கள். ஒரு டிரேயில் பட்டை பிரஷ் 4, உருண்டை பிரஷ் 4, இருவருக்கு ஒன்றாகக் கலர் தட்டு 2, தண்ணீர் டப்பா 2, பிழிந்த ஸ்பாஞ்ச் 1, பழைய துணி 4. எது எங்கே இருக்க வேண்டும் என்று டிரேயின் அடித்தளத்தில் கோட்டுப்படமாக வரைந்துவிட்டால், திரும்பி வரும்போது காணாமல் போனது எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கலர் அளவில் கஞ்சத்தனம் தேவை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, ஒவ்வொன்றும் தட்டுக்கு அரை டீஸ்பூன் போதும். தீர்ந்தால் நீங்களே போய் ஊற்றுங்கள். முதல் சில வகுப்புகளில் கறுப்பே வேண்டாம். ஒரு துளி விழுந்தால் தட்டு முழுவதும் சாம்பலாகிவிடும், உடனே புதுத் தட்டு கேட்டு எழுவார்கள்.

தண்ணீர் டப்பா அகலமாக, குட்டையாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். உயரமான லேசான டப்பாவில் நீளப் பிரஷை நிறுத்தினால் பிரஷின் கனத்துக்கே சாய்ந்துவிடும். இரண்டு டப்பாவும் ஒரே வேலைக்கு அல்ல: முதலாவதில் அழுக்கு போக அலசி, இரண்டாவதில் கழுவி, துணியில் ஒற்ற வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டாவது டப்பாத் தண்ணீர் 20 நிமிட வேலைக்குத் தாங்கும். தாங்காவிட்டாலும் அவர்கள் எழ வேண்டாம். ஒரு பக்கெட் நல்ல தண்ணீர், ஒரு காலி பக்கெட் எடுத்துக்கொண்டு நீங்களே ஒரு சுற்று வாருங்கள்.

செய்முறையும் விளக்கமும் முடிந்த பிறகுதான் டிரே மேசைக்கு வர வேண்டும். கலர் கண்ணெதிரே இருந்தால் எந்தப் பிள்ளையும் காது கொடுக்காது, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. 45 நிமிடத்தைப் பிரித்தால்: உள்ளே வந்ததும் பலகையில் இருக்கும் சிறு பென்சில் பயிற்சி 5, செய்முறை 7, டிரே வர 3, வேலை 20, சுத்தம் 10. இருபது நிமிடத்துக்கு ஏ3 தாள் பெரிது. ஏ5, மிஞ்சிப்போனால் ஏ4.

கவனத்தைத் திருப்ப ஒரு சிறு மணி போதும். மணி கேட்டால் பிரஷ் டிரே மேல், கை மடியில், கண் உங்கள் பக்கம். 36 பேரும் அப்படி ஆகும்வரை ஒரு சொல்லும் பேசாதீர்கள். முக்கால்வாசிப் பேர் அமைதியானதும் பேசத் தொடங்கினால், மீதிப் பேருக்கு மணி என்பது வெறும் சத்தம் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். இதற்கென்று ஒரு பீரியடை ஒதுக்கி, கலரும் தண்ணீரும் இல்லாத டிரேயை வைத்து எடுப்பது, வைப்பது, நிறுத்துவது மூன்றையும் நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். வீணாகப் போன பீரியட் போலத் தோன்றும், ஆனால் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும்.

பதில்: காய்ந்த பிரஷ்

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். வாரம் ஒரே பீரியட் என்பதால் வேலையை வாரா வாரம் மாற்றினால் யாருக்கும் எந்த வேலையும் கைவராது. ஒரு மாதம் ஒரே எண்ணில் இருக்கட்டும். நாலாவது வாரத்தில் தண்ணீர்க்காரர் சொல்லாமலே எழுந்து போவதைப் பார்ப்பீர்கள்.

சுத்தம் செய்வதில் வரிசைதான் முக்கியம். படம், பிரஷ், தட்டு, தண்ணீர், மேசை. துடைப்பதை முன்னால் வைத்தால் அதன்மேல் மறுபடி தண்ணீர் சொட்டும், இரண்டு முறை துடைக்க வேண்டிவரும்.

முதலில் படம். பெயர், வகுப்பு, மேசை எண் மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுத வைத்துவிடுங்கள். ஈரத் தாளில் பின்னால் எழுத முடியாது. பெயரில்லாத 12 படங்கள் அடுத்த வாரம் 12 வாக்குவாதங்களாகும். ஈரப் படத்தை இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடுவே தொய்ந்து கலரெல்லாம் அங்கே ஓடிவிடும். அட்டையின் மேல் வைத்து வரைந்தால் அட்டையோடு எடுத்துப் போகலாம். காயும்வரை படுக்கையாகத்தான் இருக்க வேண்டும், கயிற்றில் தொங்கவிட்டால் வழியும்.

பிரஷை மேசைக்காரர்கள் சிங்கில் கழுவ வேண்டாம். மூன்றாம் எண்கள் கொண்டுவந்து சோப்புத் தண்ணீர் உள்ள ஆழமில்லாத தட்டில் படுக்கவைக்கட்டும், பிறகு இரண்டே பேர் கழுவினால் போதும். முடி கீழே இருக்கும்படி டப்பாவில் நிறுத்தி ஊறவைத்தால் நுனி வளைந்துவிடும், மரப்பிடி ஊதிப் பூச்சு உரியும், முடியைப் பிடித்திருக்கும் தகரப் பூண் கழன்று ஆடும். கழுவியதும் முடியை மேலாக வைத்து நிறுத்தாதீர்கள். தண்ணீர் பூணுக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும். படுக்கவைத்துக் காய்ந்த பிறகு நிறுத்தலாம். போஸ்டர் கலர் காய்ந்தாலும் தண்ணீரில் இளகும். அக்ரிலிக் இளகாது, அதைப் பயன்படுத்தும் நாளில் கையில் இல்லாத பிரஷ் எல்லாம் தண்ணீரில்தான் கிடக்க வேண்டும்.

ஒரு பிரஷ் குறைந்தால் அந்த மேசை மட்டும் தேடட்டும். ஒருவருக்காக 36 பேரையும் நிறுத்தி வைப்பது நியாயமில்லை, பலனும் இல்லை.

பதில்: எண்ணிக்கை

தெறிக்க விடுபவர்களைப் பற்றி. கண்டிப்பதற்கு முன் அவர்கள் மேசையில் துணி இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் பிரஷை ஒற்ற வழியில்லை என்றால் பிள்ளை உதறத்தான் செய்யும். பெரிய பிரஷ் அதிகத் தண்ணீர் பிடிக்கும், இன்னும் மோசம். துணி கொடுத்து “பிரஷை டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, துணியில் ஒற்று” என்று செய்து காட்டினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

வேண்டுமென்றே செய்பவரிடம் அருகில் போய், மற்றவருக்குக் கேட்காத குரலில், “பிரஷை வை. மீதி நேரம் இதே படத்தைக் கிரேயானில் முடி” என்று சொல்லுங்கள். வாதம் வேண்டாம். தெறித்ததைத் துடைத்துவிட்டு உட்காரட்டும். அடுத்த வாரம் எதுவும் நடக்காதது போலப் பிரஷைக் கையில் கொடுத்துவிடுங்கள். வரைவதையே தண்டனையாகக் கொடுப்பது மட்டும் கூடாது.

தாள் கசக்குவது வேறு விஷயம், அதில் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது. கசக்கிய தாளை எடுத்து விரித்துப் பாருங்கள், ஓரிடத்தில் தாள் நூல் நூலாகத் திரண்டு ஓட்டை விழுந்திருக்கும். தப்பாகிவிட்டது என்று ஈரத்திலேயே தேய்த்திருக்கிறது பிள்ளை. போஸ்டர் கலர் மறைக்கும் தன்மை உள்ளது, காயவிட்டு மேலே கெட்டியாகப் பூசினால் அடியில் இருப்பது தெரியாது. இதை முதல் வகுப்பிலேயே செய்து காட்டுங்கள். விதியும் ஒன்று வையுங்கள்: ஒருவருக்கு ஒரு தாள், சரிவராவிட்டால் பின்பக்கம். அப்படி யாராவது திணறினால், அவர் படத்தில் நீங்கள் பிரஷ் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் செய்து காட்டுங்கள்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு நிரந்தரமாக ஒரு வேலை பலகையில் எழுதியிருக்கட்டும்: படத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார், காலி மூலை எது, எல்லாம் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கிறதா, அதன் பிறகு ஸ்கெட்ச் புத்தகம். “முடிச்சிட்டேன்” என்று உங்களிடம் ஓடி வருவது அதோடு நிற்கும்.

தூரிகை:

மிக்க நன்றி. துணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, என் டிரேயில் துணியே கிடையாது. அடுத்து களிமண்ணும் லைனோவும் (லினோலியத் தகட்டில் உளியால் வெட்டி அச்செடுப்பது) வருகின்றன. இதே முறை போதுமா?

பதில்: நான்காம் மேசை

இருக்கை எண்ணும் மணியும் அப்படியே, மற்றது மாறும்.

லைனோவை 36 பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். உங்கள் அருகில் ஒரு மேசையில் 6 பேர் வெட்டட்டும், மற்றவர்கள் வடிவத்தைத் திட்டமிடட்டும். உளிகளைத் துளையிட்ட மரக்கட்டையில் நிறுத்தி வையுங்கள். ஒரு துளை காலியாக இருந்தால் யாரும் வெளியே போகக் கூடாது. மேசை விளிம்பில் மாட்டும் சட்டப் பலகை கட்டாயம், அது இல்லாவிட்டால் லைனோ நகர்ந்துகொண்டே இருக்கும், பிடிக்கும் கை உளிக்கு முன்னால் போய்விடும். இரண்டு கையும் எப்போதும் உளி முனைக்குப் பின்னால்தான். மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து, அழுத்தித் தள்ளும்போது வழுக்கும்.

களிமண்ணை மெல்லிய கம்பியால் 300 கிராம் கட்டிகளாக முன்பே வெட்டி, ஈரத்துணி மூடி வையுங்கள். விளக்கம் முடியும்வரை கட்டி யார் கைக்கும் போகக் கூடாது, போனால் உருண்டையாகிப் பறக்கும். வழவழ மேசையில் மண் ஒட்டும், தடித்த துணியோ பூச்சில்லாத பலகையோ விரியுங்கள்.

சுத்தம் செய்யத் துடைப்பம் வேண்டாம். காய்ந்த மண் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு, பெருக்கினால் மூச்சில் போகும். ஈர ஸ்பாஞ்சால் மட்டும் துடையுங்கள். மண் கையைச் சிங்கில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கெட் தண்ணீர் வைத்து, முதலாவதில் தேய்த்து இரண்டாவதில் அலச வேண்டும். பக்கெட்டை மறுநாள்வரை அசைக்காமல் விட்டால் மண் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடி மண்ணை மறுபடி பயன்படுத்தலாம்.

பெயரை மண் ஈரமாக இருக்கும்போதே அடிப்பக்கம் கீறச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு கீறினால் ஓரம் பெயர்ந்துவிடும்.