ஒலியும் தொடுகையும் தாங்க முடியாத மகளுக்கு வீட்டுக்கல்வி: எங்கிருந்து தொடங்குவது?

செங்காங் தாய் எழுதியது:

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஐந்தரை வயது. இப்போது பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குச் செல்ல வேண்டியவள். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுவாள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டை வெட்டாமல் எந்த உடையையும் அணிய மாட்டாள். தலை வாருவதும் நகம் வெட்டுவதும் அன்றாடப் போராட்டம். இதற்கு நேர்மாறாக, சுற்றுவதிலும் சோபாவிலிருந்து குதிப்பதிலும் அவளுக்குச் சலிப்பே வருவதில்லை. மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பார்த்தவர்கள், ஆட்டிசம் என்று சொல்வதற்கான அடையாளங்கள் இல்லை என்றும், புலன்கள் வழியே வருவதை ஒழுங்குபடுத்திக்கொள்வதில் சிரமம் இருக்கிறது என்றும் கூறினார்கள்.

பாலர் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்த வாரம் முழுவதும் அவள் இரவில் உறங்கவில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கற்பிக்கலாம் என்று எண்ணுகிறேன். உறவினர்கள், செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்கிறார்கள். இவ்வழியில் சென்றவர்கள் உண்மை நிலையைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

யீஷூன் வாசகி எழுதியது:

வணக்கம் சகோதரி. என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே வீட்டில்தான் படிக்கிறான். இது செல்லத்தால் வந்ததன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே நான் ஓராண்டை இழந்தேன்.

சட்டத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரில் வசிக்கும், குடியுரிமை உள்ள பிள்ளைகள் 6 வயதைக் கடந்து 15 வயதை எட்டும்வரை இச்சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதால், வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சின் கட்டாயக் கல்விப் பிரிவிடம் விலக்கு பெற வேண்டும். என்ன பாடங்கள், யார் கற்பிப்பார், அவருடைய தகுதி என்ன என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். விலக்குக் கிடைத்த பின்னும் பிள்ளையின் முன்னேற்றத்தை அமைச்சு கவனித்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை தொடக்கநிலை இறுதித் தேர்வை எழுதியே ஆக வேண்டும். அந்த ஆண்டு தேசியப் பள்ளிகளில் நான்கு பாடங்களையும் எழுதியவர்களின் மதிப்பெண் வரிசையில் 33ஆவது சதமானத்தையாவது, அதாவது நூறு பேரில் கீழிருந்து 33ஆவது இடத்துக்குரிய மதிப்பெண்ணையாவது, எட்ட வேண்டும். தமிழும் அந்த நான்கில் ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து வரப்போகும் அந்தத் தேர்வுக்கூடத்தை இன்றே மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் முதல் ஆண்டு நன்றாக அமையவில்லை. பள்ளியைப் போலவே எட்டு மணிக்கு மேசையில் உட்கார வைத்தேன்; இருவரும் அழுதோம். பிறகுதான் வரிசையை மாற்றினேன். காலையில் கீழ்த்தளத்தில் மிதிவண்டி ஓட்டம், அதன்பின் அரிசி வாளியைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வருவது, அதன் பிறகே பாடம், அதுவும் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக. எழுத்துகளை நோட்டில் தொடங்கவில்லை. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைத்தேன். நம் வீடுகளில் ஏடு தொடங்கும்போது செய்வதுதானே. ழகரத்தின் சுழிப்பு அவனுக்குக் கண்ணைவிட விரலில்தான் முதலில் பதிந்தது. நூலகத்துக்கு வார நாள் காலையில் செல்வோம். பொங்கோல் வட்டார நூலகத்தில் மனம் அமைதி பெறுவதற்கென்றே சிறு அறைகள் வைத்திருக்கிறார்கள். அங்கு ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வந்தால் அவனால் மேலும் ஒரு மணி நேரம் புத்தகம் பார்க்க முடிகிறது.

பிள்ளைகள் சிகிச்சையாளர் எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, பணியாற்றுகிறேன். உங்கள் மகளைப் பார்க்காமல் அவளுக்கென்று எதையும் பரிந்துரைக்க இயலாது; பொதுவானவற்றை மட்டும் சொல்கிறேன்.

புலன்கள் வழியே வருவதை ஒழுங்குபடுத்திக்கொள்வதில் சிலருக்குச் சிரமம் இருக்கும் என்ற கருத்தை வளர்த்தவர் அமெரிக்கச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ். ஐம்புலன்களைப் பற்றி மட்டும் பேசாமல், உட்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வையும் தசை, மூட்டுகளிலிருந்து வரும் உடல்நிலை உணர்வையும் அவர் முன்னிறுத்தினார். உங்கள் மகள் ஓயாமல் குதிப்பதை இக்கண்ணோட்டத்தில் பார்த்தால், தன்னை நிலைப்படுத்திக்கொள்ள அவள் உடல் தேடும் வழியாக அது இருக்கக்கூடும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டு நூலில் புலனுணர்வுச் சிக்கல் தனி நோயாக இடம்பெறவில்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2012இல் அதைத் தனி நோயறிதலாகப் பொதுவாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறியது. சிரமம் உண்மையானது, அதன் பெயரைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. ஆகவே, குணப்படுத்திவிடுவோம் என்று உறுதியளித்து விலையுயர்ந்த தொகுப்புகளை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உடுத்துவது, உண்பது, உறங்குவது போன்ற அன்றாடச் செயல்களில் மாற்றம் தெரிகிறதா என்பதே அளவுகோல்.

வீட்டுக்கல்வியில் நான் அஞ்சுவது ஒன்று உண்டு. வீடு அமைதியாக இருப்பதால் ஒலியே இல்லாத வாழ்க்கையைப் பிள்ளைக்கு அமைத்துக் கொடுத்துவிடத் தோன்றும். நாள் முழுவதும் காதடைப்பான் அணிந்திருக்கும் பிள்ளைக்குச் சாதாரண ஒலியும் பின்னர் கடினமாகிவிடலாம். கூட்டமில்லாத நேரத்தில் தேக்கா சந்தை, பிறகு சற்றுக் கூட்டமுள்ள நேரம் என்று, எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்ற உறுதியுடன் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

இன்னொரு வழியும் இருப்பதால் எழுதுகிறேன். வளர்ச்சிக் காரணங்களுக்காக, நிபுணரின் மதிப்பீட்டுடன் தொடக்கநிலை ஒன்றில் சேர்வதை ஓராண்டு தள்ளிவைக்க அமைச்சிடம் விண்ணப்பிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். என் மகன் இப்போது அக்கம்பக்கப் பள்ளியில் தொடக்கநிலை இரண்டில் இருக்கிறான். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் மதிப்பெண் கணக்கிடப்படும் தேர்வுகள் இல்லை என்பதும், சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அலுவலர் ஒருவர் பள்ளியில் இருப்பதும் எங்களுக்குப் பெரும் உதவியாக அமைந்தன. இடைவேளையில் உணவகத்தின் இரைச்சல் இன்றும் அவனுக்குக் கடினம்தான். அப்போது அவன் நூலகத்தில் உண்ண ஆசிரியர் அனுமதித்திருக்கிறார். உங்கள் சம்பளத்தை இழப்பதற்கு முன், நீங்கள் விரும்பும் பள்ளியிடம் நேரில் பேசிப் பாருங்கள், சகோதரி.

செங்காங் தாய் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓராண்டு தள்ளிவைக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அதற்குரிய மதிப்பீட்டைப் பற்றி அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். வீட்டுக்கல்விக்கு விலக்குக் கேட்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.

நேற்று அவளிடம் முறுக்கு உரலைக் கொடுத்துப் பிழியச் சொன்னேன். முழு பலத்துடன் அழுத்தி நான்கு தட்டு பிழிந்தாள்; அதன்பின் இருபது நிமிடம் அசையாமல் அமர்ந்து படம் வரைந்தாள். ஆனால் மாவைக் கையால் பிசைய மட்டும் மறுத்து அழுதாள். அதைப் பழக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

பிள்ளைகள் சிகிச்சையாளர் எழுதியது:

கட்டாயப்படுத்த வேண்டாம். மாவைக் கெட்டியான நெகிழிப் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, வெளியிலிருந்து பிசையக் கொடுங்கள். சில வாரங்களில் கரண்டி, அதன் பிறகு ஒரு விரல் நுனி. கை துடைக்க ஈரத்துணி எப்போதும் அவள் பக்கத்திலேயே இருக்கட்டும்; வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிள்ளைதான் தொட்டுப் பார்க்கத் துணிகிறது.