சீஸ் முதிர்விக்கும் பெட்டியில் ஈரப்பதம்: உங்களை இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

பதிவு 1

ஈரப்பதமானி 84 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது, சீஸோ வெடித்திருந்தது. இன்றுவரை என்னால் இதை ஏற்க முடியவில்லை. பெட்டியின் அமைப்பை இங்குள்ளவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை: ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், வெளியே பொருத்திய தெர்மோஸ்டாட், 12 டிகிரி செல்சியஸ், கீழ்த்தட்டில் நீர்க்கிண்ணம், கதவுப் பக்கத் தட்டில் மானி. உள்ளே இருந்தது மெழுகு பூசாத, துணி சுற்றாத, செடார் வகை சீஸ் வட்டு.

திருப்பி வைப்பதற்காக அதைக் கையில் எடுத்தபோது, பின்சுவரை நோக்கியிருந்த பக்கத்தில் கட்டைவிரல் நகம் எதிலோ மாட்டியது. விளக்கருகே கொண்டு சென்று பார்த்தேன். மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. நகத்தை மெல்ல அழுத்தினால் அது உள்ளே இறங்கியது. விரிசலின் உட்புறத்தில் நீலப் பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தது. கதவை நோக்கியிருந்த பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரே பெட்டி, ஒரே வட்டு, மானியின் எண்ணும் ஏட்டில் சொல்லப்படும் 80 முதல் 85 வரையிலான எல்லைக்குள்தான் இருந்தது. அப்படியிருக்க, ஒரு பக்கம் மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்?

பதிவு 2

உங்கள் மானி பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. அது தான் இருக்கும் இடத்தின் ஈரத்தைச் சொன்னது. சீஸ் இருந்த இடத்தின் ஈரத்தை அதனிடம் நீங்கள் கேட்கவில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பதிவு செய்யும் சிறு கருவியை என் பெட்டியின் பின்சுவரருகே ஓர் இரவு வைத்திருந்தேன். காலையில் திரையில் கண்ட வரைகோடு ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஈரப்பதம் 60-க்கும் கீழே சரிந்தது. அது நின்றதும், குளிர்விக்கும் சுருளில் படிந்த பனி உருகி மீண்டும் ஆவியாக, 90-ஐத் தாண்டி ஏறியது. அதே இரவில், கதவருகே இருந்த வழக்கமான மானியோ பெரும்பாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரைகோட்டைப் பார்த்த பிறகு, ஒரே ஓர் எண்ணை எழுதி "என் பெட்டியின் ஈரப்பதம் இது" என்று யாராவது சொன்னால் என்னால் நம்ப முடிவதில்லை.

காரணம் எளிது. 12 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 9.5 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் அந்தக் காற்றிலிருந்து நீரைப் பிடுங்கிக்கொள்ளும். குளிர்விக்கும் சுருள் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது. 2 டிகிரிப் பரப்பைத் தொட்டு, இயன்ற அளவு நீரைச் சுமந்துகொண்டு கிளம்பும் காற்றுகூட, 12 டிகிரிக்குச் சூடாகும்போது 50 சதவீத ஈரத்தில்தான் நிற்கும். உங்கள் வட்டின் பின்பக்கத்தில் பட்டுக்கொண்டிருந்தது அந்தக் காற்றுதான். மேல்தோல் இழக்கும் நீரை ஈடுகட்டும் வேகத்தில் உள்ளிருந்து நீர் வெளியே வர இயலாதபோது, தோல் சுருங்குகிறது, உட்பகுதி சுருங்குவதில்லை, எங்காவது ஓரிடத்தில் அது கிழிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 100 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் 12 டிகிரியில் காற்று முழுக்க நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீராவி ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். கதவை ஒருமுறை திறந்தால் அது கலைந்துவிடும். ஆகவே உண்மையில் காற்றை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் சீஸே. நிறைய வட்டுகள் உள்ள பெட்டியில் ஈரத்தைக் காப்பது எளிதாகவும், ஒற்றை வட்டு வைத்த பெட்டியில் பெரும்பாடாகவும் இருப்பது இதனால்தான். கம்ப்ரசர் அடிக்கடி ஓடாதபடி தெர்மோஸ்டாட்டின் ஏற்ற இறக்க இடைவெளியைச் சிறிது கூட்டுங்கள். உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் நீர் நிரப்பிய சிறு புட்டிக்குள் வையுங்கள். பின்சுவருக்கும் வட்டுக்கும் இடையே ஒரு மறைப்பை நிறுத்துங்கள்.

பதிவு 3

இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்பது என் அனுபவம். நீர்க்கிண்ணத்தில் பூஞ்சணம் படர்ந்து, கதவைத் திறந்ததும் பாசி நாற்றம் முகத்தில் அடித்த நாளில் அதைக் கொட்டிவிட்டு, அடியில் கரையாமல் தங்கும் அளவுக்கு உப்பைக் கொட்டிய நீரை வைத்தேன். அதன்பின் நாற்றமும் இல்லை, கிண்ணத்தில் பூஞ்சணமும் இல்லை. மானியின் முள்ளும் அலைபாய்வது குறைந்தது. நீர்க்கிண்ணம் வைக்கும் அனைவரும் இதைச் செய்ய வேண்டும்.

பதிவு 4

மேலே எழுதியவரின் கிண்ணம் தூய்மையாக இருந்திருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுபவர்களின் சீஸ் வறண்டுபோகும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கரையாத உப்பு அடியில் தங்கியிருக்கும் கரைசல், மூடிய வெளியில் காற்றை ஏறத்தாழ 75 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஈரம் அதற்குக் கீழே இருந்தால் நீரை விடும்; மேலே இருந்தால் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். அதாவது உங்கள் பெட்டி 85-இல் இருந்தால், அந்தக் கிண்ணம் ஈரத்தைக் கொடுக்கும் பொருளாக இருக்காது, எடுக்கும் பொருளாகிவிடும். ஒருமுறை மூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் வட்டுடன் அத்தகைய கிண்ணத்தை வைத்துவிட்டுப் பிறகு திறந்தபோது, ஈர உப்புத்திட்டாக நான் வைத்தது கிண்ணத்தின் விளிம்புவரை நீராகி நின்றது. அந்த நீர் வேறெங்கிருந்தும் வரவில்லை, சீஸிலிருந்து வந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

கிண்ணத்தில் பாசி பிடிக்காமலிருக்க உப்பு வேண்டுமென்றால் குறைவாகப் போடுங்கள். நூறு பங்குக்கு மூன்று பங்கு உப்புள்ள நீர் காற்றை 98 சதவீதம் வரை ஈரமாக்க வல்லது. ஆனால் அவ்வளவு உப்பு பூஞ்சணத்தைத் தடுக்காது என்பதால் நீரை அடிக்கடி மாற்றிக் கிண்ணத்தைக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. உப்பைக் கொண்டே ஈரத்தை ஓரிடத்தில் நிறுத்த விரும்புபவர்கள் பொட்டாசியம் குளோரைடின் நிறைகரைசலை (அடியில் கரையாமல் தங்கும் அளவுக்கு அது போட்ட நீரை) பயன்படுத்தலாம். 12 டிகிரியில் அது 86-ஐ ஒட்டி நிற்கும். அதுவும் மூடிய பெட்டிக்குள் மட்டுமே பயன்படும். குளிர்ச்சுருள் ஓடும் திறந்த ஃபிரிட்ஜில் எந்தக் கிண்ணமும் சுருளோடு போட்டியிட்டு வெல்லாது.

பதிவு 5

எல்லோரும் வறட்சியைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது அதற்கு நேரெதிர்.

வெண்பூஞ்சணத் தோலுள்ள மென்மையான கமம்பேர் வகை வட்டுகளை, மூடியுள்ள சிறு பெட்டிக்குள் வைத்து முதிர்வித்தேன். வெண்பூஞ்சணம் அழகாகப் படர்ந்திருந்தது. தாளில் சுற்றுவதற்காக ஒன்றை எடுத்தபோது, மேல்தோல் முழுவதும் விரல்களோடு நழுவி வந்துவிட்டது. அடியில் கூழாக ஒரு படலம், அதற்கும் அடியில் இன்னும் சுண்ணாம்புக் கட்டியாகவே இருந்த நடுப்பகுதி. கையில் தோலும் தட்டில் சீஸுமாக நான் நின்ற அந்த நொடியை மறக்க இயலவில்லை. மூடியின் உட்புறத்தைப் பார்த்தேன். துளிகள் வரிசையாகத் தொங்கின. எந்த வட்டின் நடுவில் மஞ்சள் திட்டு இருந்ததோ, அதற்கு நேர்மேலே இருந்த துளி இன்னும் சொட்டக் காத்திருந்தது.

மென்மையான வகைகளுக்கு 90 முதல் 95 சதவீதம் வேண்டும் என்கிறார்கள், அது சரிதான். ஆனால் 95 சதவீத ஈரமுள்ள காற்று வேறு, வட்டின் மேல் நிற்கும் நீர் வேறு. முன்னது பூஞ்சணத்தை வளர்க்கிறது. பின்னது தோலை அழுக்குகிறது, வேண்டாத கருமயிர்ப் பூஞ்சணத்தையும் இழுத்து வருகிறது. உப்பிட்ட பிறகு மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு உலரும்வரை பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வட்டுகள் பெட்டியின் பாதிக் கொள்ளளவுக்கு மேல் அடைக்கக் கூடாது. மூடியை நாள்தோறும் துடைத்து, வட்டையும் அப்போதே திருப்பிவிட வேண்டும். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் துளி வட்டின் மேல் விழாமல் ஓரமாக வழிந்துவிடும். மூடியில் துளிகள் தொடர்ந்து கட்டினால் ஒரு மூலையை விரல் அளவு திறந்துவையுங்கள். முதிரும் வட்டிலிருந்து எழும் அம்மோனியா வாடை வெளியேறவும் அதுவே வழி.

மூடுபனி எழுப்பும் மீயொலிக் கருவியைப் பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அது ஆவியைத் தருவதில்லை, நுண்துளிகளைத் தெளிக்கிறது. கடின நீராக இருந்தால் வெண்தூளும் சேர்ந்து சீஸின் மேல் படியும். அதைவிட முக்கியமானது, தேங்கிய நீர். லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும். மென்மையான சீஸ் அதற்கு ஏற்ற இடம். கருவுற்றிருப்பவர்களுக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கும். கிண்ணமாக இருந்தாலும் கருவியாக இருந்தாலும், நீரைத் தேங்கவிடாதீர்கள்.

பதிவு 6

வெற்றிடப் பையில் அடைத்துவிட்டால் இந்த விவாதமே எழாது. என் கடின வகைகள் அனைத்தும் பையில்தான் முதிர்கின்றன. விரிசல் இல்லை, எடை இழப்பு இல்லை, கிண்ணம் இல்லை. ஒருமுறை மட்டும், இரவில் "பொத்" என்ற ஓசை கேட்டுச் சென்று பார்த்தபோது, பை பந்தாக ஊதி மேல்தட்டிலிருந்து உருண்டு விழுந்திருந்தது. அதை அறுத்தபோது வந்த புளித்த வாடையும், பைக்குள் தேங்கியிருந்த மோரும் நினைவிலிருக்கின்றன. அதற்குக் காரணம் பாலிலோ உறையிலோ இருந்த வாயு உண்டாக்கும் நுண்ணுயிரே அன்றி ஈரப்பதம் அன்று.

பதிவு 7

பையில் அடைப்பது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவது ஆகாது. அந்தக் கேள்வியைத் தவிர்ப்பது. செடாருக்கும் கௌடாவுக்கும் அது பொருந்தும். வெண்பூஞ்சணத்துக்கும், உப்புநீரால் கழுவி வளர்க்கும் தோலுக்கும் காற்று வேண்டும். பைக்குள் அவை வளரா. இயற்கைத் தோலோடு முதிர்ந்த வட்டின் மணம் அந்தத் தோலிலிருந்துதான் உள்ளே இறங்குகிறது. அதற்காகவே இத்தனை பாடும் படுகிறோம்.

முதலில் எழுதியவரிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: அந்த மானியை எப்போதாவது சோதித்தீர்களா? பின்சுவரின் வறண்ட காற்றைப் பற்றி இரண்டாம் பதிவில் சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆயினும் 84 என்ற எண்ணும் என் ஐயத்துக்குரியதே. என்னிடம் இரண்டு மின்னணு மானிகள் அடுத்தடுத்து இருந்தன. பல மாதங்கள் பெட்டிக்குள் கிடந்தது 91 என்றது. புதிதாக வாங்கியது 82 என்றது. இரண்டையும் ஒரே தட்டில், தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்துப் பார்த்தும் அவை ஒத்துப்போகவில்லை. நெடுங்காலம் மிகுந்த ஈரத்தில் இருக்கும் உணரிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்குவது அறியப்பட்ட குறை. அந்த எண்ணை நம்பி நீரைக் குறைத்திருந்தால் என் தட்டு முழுவதும் விரிசலாகியிருக்கும்.

நான்காம் பதிவில் குறை சொல்லப்பட்ட அதே உப்பு இங்கே பயன்படும். புட்டி மூடியொன்றில் சமையல் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்கு வரும் அளவு மட்டும் சில சொட்டு நீர் விடுங்கள். மானியையும் அதையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். மானி 75 என்று காட்ட வேண்டும். 81 என்று காட்டினால் ஆறு கூடுதல் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே புள்ளியில் செய்யும் சோதனை என்பதால், 90-ஐ ஒட்டிய அளவுகளுக்குப் பொட்டாசியம் குளோரைடைக் கொண்டும் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

பதிவு 1

மானியைச் சோதித்ததில்லை, இன்றிரவே செய்கிறேன். இரண்டாம் பதிவைப் படித்த பின் மானியைப் பின்சுவரருகே மாற்றி வைத்துவிட்டுக் கம்ப்ரசர் ஓடும்வரை காத்திருந்தேன். 84 என்ற எண் என் கண்ணெதிரிலேயே 63 வரை இறங்கியது. இப்போது வட்டை, ஃபிரிட்ஜுக்குள்ளேயே மூடியுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் மாற்றியிருக்கிறேன். என் கேள்வி: அடியில் மரப்பலகை வைக்கலாமா, கம்பித் தட்டு வைக்கலாமா?

பதிவு 8

பலகை வையுங்கள். மரம் ஈரம் மிகும்போது வாங்கிக்கொண்டு, குறையும்போது திருப்பித் தரும். இரண்டாம் பதிவில் சொல்லப்பட்ட ரம்பப் பற்கள் வட்டைத் தாக்கும் வேகத்தை அது மட்டுப்படுத்தும். கொந்தே என்னும் பிரெஞ்சுக் கடின சீஸின் வட்டுகள் ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளின் மேல்தான் மாதக்கணக்கில் கிடக்கின்றன. மென்மையான வகைக்கு மட்டும், அடிப்பக்கம் புழுங்காமலிருக்கக் கம்பித் தட்டும் அதன்மேல் ஒரு சிறு பாயும் இருந்தால் போதும்.

ஆனால் பலகையைக் கவனிக்காமல் விடக் கூடாது. என் பலகையில் வட்டைச் சுற்றிலும் நேர்த்தியான பழுப்புத் தூள் படிந்திருந்தது. மரத்தூள் என்றே தோன்றியது. துடைத்தேன், மறுபடியும் வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது அந்தத் தூள் நகர்ந்தது. அவை சீஸ் உண்ணிகள். மிமோலெட் போன்ற சில சீஸ் வகைகளில் அவற்றை விரும்பியே வளர்க்கிறார்கள். விரும்பாத இடத்தில் அவை தோலைக் குடைந்து குழிகளாக்கிவிடும். ஈரமும் மிதமான வெப்பமும் அவற்றுக்கு உகந்தவை என்பதால், நாம் பெட்டியில் பாடுபட்டு உண்டாக்கும் சூழலே அவற்றுக்கும் வாழ்விடம். வட்டை வாரந்தோறும் வறண்ட தூரிகையால், ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துத் தேய்த்துவிடுங்கள். பலகையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் முற்றிலும் காயவைத்து, இரண்டாவது பலகையோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். காய்ந்த பலகை முதல் சில நாள்கள் வட்டின் அடியிலிருந்து நீரை உறிஞ்சும். ஆகையால் உள்ளே வைப்பதற்கு முன் அதைக் கொதித்து ஆறிய நீரால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

விரிசலைச் சரிசெய்வது பற்றி யாரும் சொல்லவில்லை. நீலம் பிடித்த பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்து, உப்புநீர்த் துணியால் துடைத்து, உலர்ந்தபின் வெண்ணெயை அழுத்தி நிரப்புங்கள். பூஞ்சணம் ஆழமாக இறங்கியிருந்தால் வட்டை இப்போதே பிளந்து, கெடாத பாதியை மட்டும் மெழுகிட்டு முதிரவிடுவதே நல்லது.