"உங்களுடையதைக் காட்டுங்கள்": பயண ரெசிடென்சி அனுபவங்கள்

நடனக்காரி:
போன மாதம் ஒரு பயண ரெசிடென்சியை (கலைஞர்கள் குழுவாக ஊர் ஊராகப் போய்த் தங்கிப் படைக்கும் திட்டம்) முடித்துத் திரும்பினேன். ஆறு வாரம், நான்கு ஊர், பதினோரு கலைஞர்கள். தலைப்பு "அடையாளமும் பன்முகமும்". முதல் நாள் காலையில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தம் பண்பாட்டிலிருந்து ஓர் அசைவைக் காட்ட வேண்டும் என்றார் நெறியாளர். நான் பதினெட்டு ஆண்டுகளாகச் சமகால நடனம் ஆடுகிறேன். என் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் விழுவதும் எழுவதும்தான். விழுந்து எழுந்தேன். "இது இல்லை, உங்களுடையதைக் காட்டுங்கள்" என்றார். எனக்கு அடுத்தவர் பாலே ஆடினார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

கடைசியில், சின்ன வயதில் நான்கு மாதம் கற்றுப் பாதியில் விட்ட ஒரு மரபு நடனத்தின் கையசைவைக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வாரமும் அந்தக் கையசைவு என்னை விடவில்லை. இறுதி நிகழ்ச்சியின் சுவரொட்டியிலும் அதுதான். அரைகுறையாகத் தெரிந்த ஒன்றுக்கு நான் பிரதிநிதியாகிவிட்டேன். அதை உயிராக ஆடுகிறவர்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? அடுத்த முறை என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். பாதி, புலம்பவும்தான்.

கிட்டார்க்காரன்:
அக்கா, என் கதை இன்னும் மோசம். நான் வாசிப்பது கிட்டார். அழைப்புக் கடிதத்திலேயே "உங்கள் மண்ணின் வாத்தியத்தைக் கொண்டுவர இயலுமா?" என்று கேட்டிருந்தார்கள். இயலாது, என்னிடம் இருப்பது இதுதான் என்று எழுதிவிட்டுக் கிட்டாரோடு போய் இறங்கினேன். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அது 2018. ஈட்டி (ரோஸ்வுட்) இன மரங்கள் அத்தனையும் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் சர்வதேச வனவுயிர் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தன. என் கிட்டாரின் முதுகு ஈட்டி. இது விற்பனைக்கு வந்ததல்ல, வாசிக்க வந்தது என்று புரியவைக்க அரை நாள் போனது. நான் எந்த மண்ணைச் சேர்ந்தவன் என்பதில் நெறியாளருக்கு அக்கறை, என் மரம் எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதில் அதிகாரிக்கு அக்கறை. வாசிப்பைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

(பயணம் போகிறவர்களுக்கு: 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு இல்லை. பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் மரம் எது என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.)

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்:
மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வட்டத்தை நானும் போட்டிருக்கிறேன், மன்னியுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நிதி தருபவர் கேட்கும் அறிக்கையில் எத்தனை நாடு, எத்தனை மொழி என்று கட்டங்கள் இருக்கும். முதல் நாளிலேயே அவை நிரம்பிவிட்டால் எங்களுக்கு நிம்மதி. விழுந்து எழுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆனால் குழுவில் யார் இருப்பார்கள் என்பதை உண்மையில் முடிவு செய்தது நாங்கள் அல்ல, விசா. ஓர் ஆண்டு பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம், ஒன்பது பேர்தான் வந்தார்கள். வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு முன்னுரிமைச் சலுகை தர வேண்டும் என்று பண்பாட்டுப் பன்முகத்தைக் காக்கும் யுனெஸ்கோவின் 2005 உடன்படிக்கையில் 16ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதை ஏற்றுக்கொண்ட ஓர் அரசின் தூதரகத்தில்தான் அந்த மூவரும் நிராகரிக்கப்பட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாப் பகுதியில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு முடிந்துபோனதால், கடைசி ஊருக்கு முன்பே திரும்ப வேண்டியதாயிற்று. எல்லைகளைக் கடந்த கலை என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தோம். இன்றைக்கும் அதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நடனக்காரி கேட்டதற்கு ஒரு வழி சொல்கிறேன். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய கருத்துச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் நின்றதைச் சொல்வார்கள். பிறகு கலைஞர் கேள்வி கேட்பார். அதன் பிறகுதான் பார்த்தவர்கள் கேட்கலாம், அதிலும் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. அபிப்பிராயம் கடைசியில், கலைஞர் அனுமதித்தால் மட்டும். "உங்கள் மரபு ஏன் இதில் இல்லை?" என்பது அங்கே செல்லாது. "இந்த விழுதலை எங்கிருந்து எடுத்தீர்கள்?" செல்லும். இந்த முறைக்கு மாறிய பிறகு எங்கள் வட்டங்களில் சண்டை குறைந்தது. தூக்கம் கொஞ்சம் கூடியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாடக நடிகர்:
எல்லோரும் ஏற்பாட்டாளர்களையே அடிக்கிறீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நாம் மட்டும் என்ன, காட்டத்தானே போகிறோம்? நாடக இயக்குநர் பீட்டர் புரூக் தன் நடிகர்களோடு 1972 டிசம்பரில் சகாராவைக் கடந்து ஆப்பிரிக்க ஊர்களுக்குப் போனார். ஒரு கம்பளத்தை விரித்தால் அதுதான் மேடை. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் என் மனம் சாய்வது இன்னொரு இயக்குநரான யூஜெனியோ பார்பாவின் பக்கம். அவருடைய ஓடின் நாடகக் குழு 1974இல் தெற்கு இத்தாலியில் கார்பிஞ்ஞானோ என்ற ஊரில் தங்கியிருந்தபோது, நடிகர்கள் பாடினார்கள், ஊர்க்காரர்கள் பதிலுக்குத் தங்கள் பாட்டைப் பாடினார்கள். பண்டமாற்று. டிக்கெட் கிடையாது, விலை இன்னொரு பாட்டு.

அதை நம்பி, ஒரு ரெசிடென்சியில் முதியோர் இல்லம் ஒன்றில் முயன்றேன். நாடோடி வாழ்வைப் பற்றிய என் தனிநடிப்பு முடிந்ததும், இனி உங்கள் முறை என்றேன். நீண்ட மௌனம். பிறகு ஒரு பெரியவர் எழுந்தார், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, இழுவை லாரியைக் குறுகிய சந்துக்குள் பின்னோக்கி எடுப்பதைச் செய்து காட்டினார். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, கழுத்து, மூச்சு, கை. நான்கு நிமிடம் யாரும் அசையவில்லை. முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுடையதில் எடை இல்லை தம்பி" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

காது கேளாத நடனக் கலைஞர்:
என் குழுவில் "பன்முகம்" நானேதான். மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாகிவிட்டது என்றார்கள். போய்ப் பார்த்தால், அந்த நாட்டுச் சைகை மொழியில் பேசுகிறார். எனக்கு அது தெரியாது. சைகை உலகம் முழுவதும் ஒன்று என்று நினைத்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம், ஆனால் இருநாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாது.

சர்வதேசச் சைகை (பல நாட்டுக் காது கேளாதோர் கூடும் இடங்களில் பயன்படும் பொதுச் சைகை) தெரிந்த ஒருவர் மூன்றாம் நாள் வந்தார். தனியாக! இருவர் இருந்து இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டிய வேலை அது. மாலை நான்கு மணிக்கு அவர் கைகள் தளர்ந்து மடியில் விழுந்துவிட்டன. அப்போது நடந்துகொண்டிருந்தது "யாரையும் விட்டுவிடாத கலை" என்ற உரையாடல். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவுப் பயணத்தில் விளக்கை அணைத்தால் மற்றவர்களுக்குப் பேச்சு தொடங்கும், எனக்கு முடிந்துவிடும். இரண்டாம் இரவு, பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர் தன் கைபேசி விளக்கை முழங்காலில் நிறுத்தி, அதன் மேல் கைகளை வைத்துக்கொண்டார். பத்துச் சைகைதான் கற்றிருந்தார், அதில் நான்கு தப்பு. விடிய விடியப் பேசினோம். எங்கள் கைகளின் நிழல் பஸ்ஸின் கூரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அறிக்கையில் அது இல்லை.

நடனக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பெரியவரின் லாரியை வீட்டுக் கூடத்தில் செய்து பார்த்தேன். கழுத்து வலிக்கிறது.

இன்னொரு திட்டத்தின் விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. ஏழாவது கேள்வி: "உங்கள் சமூகத்தை உங்கள் கலை எவ்வாறு பிரதிபலிக்கிறது? 200 சொற்களில் எழுதுக." "தரையில் விழுந்து எழுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் 197 சொற்கள் பாக்கி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.